போர் மூளவில்லை, புதைத்தவை வெடித்தன

புது தில்லி: 2001 டிசம்பர் 13-ம் தேதி நாடாளுமன்ற வளாகத்துக்குள் பயங்கரவாதிகள் புகுந்து தாக்குதல் நடத்திய சில நாள்களிலேயே ராணுவம் மேற்கு எல்லையை நோக்கி நகர்ந்தது. "ஆபரேஷன் பராக்கிரம்" எனப் பெயரிடப்பட்ட அந்த நடவடிக்கையின்போது இந்திய, பாகிஸ்தான் படைகள் பத்து மாதங்கள் எதிரெதிரே நின்றன. போர் மூளவில்லை. 2002 அக்டோபரில் படைகளைத் திரும்பப் பெற மத்திய அரசு முடிவு செய்தது. வீரர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள ஓர் உத்தரவு போதுமானதாக இருந்தது. அதே காலத்தில் மண்ணுக்குள் புதைக்கப்பட்டிருந்த கண்ணிவெடிகளுக்கு அந்த உத்தரவு பொருந்தவில்லை.

அவற்றின் எண்ணிக்கை சுமார் 20 லட்சம் இருக்கும் என்பது சர்வதேச அமைப்புகள் வெளியிடும் "லேண்ட்மைன் மானிட்டர்" ஆண்டறிக்கையின் மதிப்பீடு. 1997-க்குப் பிறகு உலகில் நடைபெற்ற மிகப்பெரிய கண்ணிவெடிப் புதைப்புகளில் ஒன்றாக அதை அந்த அறிக்கை குறிப்பிட்டது. ஜம்மு சமவெளி, பஞ்சாப், ராஜஸ்தான் என எல்லையை ஒட்டிய பகுதிகள் கண்ணிவெடி வயல்களாயின. அவற்றில் பெரும்பகுதி பாலைவனமோ, பயனற்ற தரிசோ அல்ல. பஞ்சாபில் கோதுமை விதைப்பு நவம்பரில் முடிந்துவிடும். ஆகவே, டிசம்பர் இறுதியில் வெடிகளைச் சுமந்து வந்த வீரர்கள் இறங்கியது இளம்பயிர் நின்ற நிலங்களில்தான். அந்தப் பயிரை விதைத்தவர்கள் அறுக்கவில்லை. ராஜஸ்தானில் மேய்ச்சல் நிலங்கள் வேலிக்குள் போயின. வேலியின் பொருள் புரியாத ஆடு, மாடு, ஒட்டகங்கள் உள்ளே நுழைந்து மடிந்தன.

பயிரிழப்புக்கும் நில இழப்புக்கும் இழப்பீடு அறிவிக்கப்பட்டது. அது கைக்கு வந்து சேருவதில் ஏற்பட்ட தாமதமும், தொகை போதாது என்ற மனக்குறையும் எல்லை மாவட்டங்களில் பல ஆண்டுகள் ஒலித்தன.

ராணுவம் கொடுத்த விலையும் குறைவன்று. ஆபரேஷன் பராக்கிரம் காலத்தில் 798 வீரர்கள் உயிரிழந்ததாக அப்போதைய பாதுகாப்புத் துறை அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் 2003-ல் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். 1999-ல் முழு அளவில் சண்டை நடந்த கார்கிலில் உயிர்நீத்தோர் எண்ணிக்கை 527. பராக்கிரமில் மாண்ட அனைவரும் கண்ணிவெடிக்குப் பலியானவர்கள் அல்லர். வாகன விபத்துகளும் பிற காரணங்களும் உண்டு. எனினும், வெடிகளைப் புதைக்கும்போதும் பின்னர் அகற்றும்போதும் நேர்ந்த விபத்துகள் அக்கணக்கில் முக்கிய இடம் பெறுகின்றன. எதிரிக்காக வைத்த வெடியில் எதிரி ஒருவன்கூடக் கால் வைக்கவில்லை என்பதுதான் இதிலுள்ள விசித்திரம்.

நகரும் வெடி: மனிதர்களைக் குறிவைக்கும் கண்ணிவெடி, டாங்கிக்குத் துணையாகப் பிறந்தது. முதல் உலகப் போரில் 1916-ல் பிரிட்டன் டாங்கிகளைக் களமிறக்கியபோது, அவற்றைத் தகர்க்க ஜெர்மானியர்கள் மண்ணில் வெடிகளைப் புதைத்தனர். அப்பெரிய வெடிகளை எதிரணி வீரர்கள் இரவோடு இரவாகத் தோண்டி எடுத்துச் சென்றுவிடுவதைத் தடுக்க, அவற்றைச் சுற்றிலும் ஆள் மிதித்தாலே வெடிக்கும் சிறு வெடிகளை வைக்கும் வழக்கம் பின்னர் வந்தது. இரண்டாம் உலகப் போரில் அது பெருகியது. காவலுக்கு வந்த சிறு வெடியே காலப்போக்கில் தனி ஆயுதமாகிவிட்டது.

இந்திய ராணுவம் பயன்படுத்தும் எம்-14 வகை, 1950-களின் அமெரிக்க வடிவமைப்பைப் பின்பற்றியது. உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் டப்பா. எடை 100 கிராம்தான். கொல்வதைவிட ஊனமாக்குவதே அதன் நோக்கம். மாண்ட வீரனை விட்டுவிட்டு முன்னேறலாம். காலிழந்தவனைத் தூக்கிச் செல்ல மேலும் இருவர் வேண்டும் என்பது அதை வடிவமைத்தவர்களின் கணக்கு.

குறைந்த எடையே அதன் பெரும் ஆபத்து. கண்ணிவெடி வயல் ஒவ்வொன்றுக்கும் ராணுவம் வரைபடம் வைத்திருக்கிறது. முள்கம்பி கட்டி எச்சரிக்கைப் பலகையும் நடுகிறது. ஆனால், காஷ்மீரின் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு செங்குத்தான மலைச்சரிவுகளில் செல்கிறது. பனிச்சரிவும் மழைநீரும் வெடியை அதன் இடத்திலிருந்து இழுத்துச் செல்கின்றன. பாலைவனத்தில் அந்த வேலையை மணல்மேடுகள் செய்கின்றன. வெடி போய்ச் சேர்ந்த புதிய இடம் எந்த வரைபடத்திலும் இருப்பதில்லை. அப்போது புதைத்தவருக்கும் மிதிப்பவருக்கும் ஒரே அளவு அறியாமைதான்.

அகற்றும் பணி முழுவதும் ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவைச் சார்ந்தது. இதற்கெனத் தனி சிவில் அமைப்பு நாட்டில் இல்லை. உலோகம் அதிகமில்லாத வெடியைக் கருவி எளிதில் காட்டாது. எனவே, வீரர் மண்டியிட்டு, நீண்ட ஊசி போன்ற கோலைச் சாய்வாக மண்ணில் செருகி, அங்குலம் அங்குலமாகத் தட்டுப்படுகிறதா எனப் பார்க்க வேண்டியுள்ளது.

ஒரு டிரான்சிஸ்டர்: கண்ணிவெடியின் நெருங்கிய உறவு பொறிவெடி. அன்றாடப் பொருளைப் போலத் தோன்றி, தொட்டவரைக் கொல்வது அது. தலைநகரவாசிகள் இதை நேரில் அறிந்தவர்கள். 1985 மே மாதம் தில்லியிலும் அண்டை மாநிலங்களிலும் பேருந்துகளிலும் பொது இடங்களிலும் விடப்பட்ட டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் வெடித்தன. தில்லியில் மட்டும் 49 பேர் இறந்தனர். கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள் என்ற அறிவிப்பு தில்லி மக்களின் காதில் பதிந்தது அதன் பிறகுதான். அவ்வழக்கில் எஞ்சியிருந்த 30 பேரை 2020 மார்ச்சில் நீதிமன்றம் விடுவித்தது. புலன்விசாரணை குறைபாடுகள் நிறைந்தது என்றும் கண்டித்தது.

ராணுவங்களுக்கு இதில் ஒரு வரம்பு உண்டு. 1996-ல் திருத்தப்பட்ட ஐ.நா. மரபு ஆயுத உடன்படிக்கையின் இரண்டாவது நெறிமுறை, பொம்மை, உணவு, சமையல் பாத்திரம், வழிபாட்டுப் பொருள், பிணம், கல்லறை, விலங்கு ஆகியவற்றில் பொறிவெடி வைப்பதைத் தடை செய்கிறது. இப்பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் எங்கோ ஒரு போரில் மனிதன் செய்து பார்த்ததுதான். கருவிக்குத் தட்டுப்படும் வகையில் 8 கிராம் இரும்புக்கு ஈடான உலோகம் ஒவ்வொரு கண்ணிவெடியிலும் இருக்க வேண்டும் என்பதும் அதன் விதி. இந்தியா 1999-ல் இதை ஏற்றது.

ஆனால், ஆள்கொல்லிக் கண்ணிவெடிகளை அடியோடு ஒழிக்கும் 1997-ம் ஆண்டு ஒட்டாவா ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. அமெரிக்கா, ரஷியா, சீனா, பாகிஸ்தான் ஆகியவையும் வெளியேதான் உள்ளன. ஒழிப்பு என்ற இலக்கு ஏற்புடையதே, ஆயினும் நீண்ட எல்லையையும் ஊடுருவலையும் எதிர்கொள்ளும் நாட்டுக்கு மாற்று வழி கிடைக்கும்வரை கைவிட இயலாது என்பது தில்லியின் நிலைப்பாடு. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. மாற்று வழி எப்போது வரும் என்பதற்குத்தான் தேதி குறிக்கப்படவில்லை.

இத்தனைக்கும், உலகெங்கும் கண்ணிவெடியில் காலிழந்தோருக்கு இந்தியா செய்த உதவி பெரிது. 1968-ல் மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், ஆப்கானிஸ்தானிலும் கம்போடியாவிலும் எண்ணற்றோரை நடக்க வைத்தது. இலங்கையின் வடக்கே கண்ணிவெடிகளை அகற்றியவர்களில் இந்திய ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றோர் நடத்தும் குழுக்களும் உண்டு. அந்த இலங்கை 2017-ல் ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது.

காற்று இப்போது எதிர்த்திசையில் வீசுகிறது. உக்ரைன் போரைக் கண்டு அஞ்சிய போலந்து, பின்லாந்து, எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா ஆகிய ஐந்து நாடுகள் ஒப்பந்தத்திலிருந்து விலகும் முடிவை 2025-ல் எடுத்தன. இந்நிலையில் தில்லி மட்டும் மனம் மாறும் என எதிர்பார்க்க இடமில்லை.

எல்லையில் விபத்துகள் நின்றபாடில்லை. 2022 மே மாதம் பூஞ்ச் மாவட்டத்தின் மேந்தர் பகுதியில் பரவிய காட்டுத் தீயில், புதைந்திருந்த கண்ணிவெடிகள் அடுத்தடுத்து வெடித்தன. 2025 ஜனவரி 14-ம் தேதி ரஜௌரி மாவட்டம் நௌஷேராவில் ரோந்து சென்ற 6 வீரர்கள் கண்ணிவெடியில் சிக்கிக் காயமடைந்தனர். அதே ஆண்டு ஏப்ரலில், பஹல்காம் தாக்குதலைத் தொடர்ந்து மீண்டும் பதற்றம் எழுந்தபோது, பஞ்சாப் எல்லை விவசாயிகள் வேலிக்கு அப்பால் விளைந்து நின்ற கோதுமையை அவசர அவசரமாக அறுத்து முடித்தனர்.