கணினியாட்டமும் கேள்விச் செல்வமும்

முறைவைத்து ஆடும் ஆட்டத்தின் தனிச்சிறப்பு, நாம் எண்ணி முடிக்கும்வரை எதிரி காத்திருப்பதாகும். சதுரங்கம் பயின்றார்க்கு இது புதிதன்று. சிட் மையர், புரூஸ் ஷெல்லி என்னும் இருவர் வகுத்து 1991ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சிவிலைசேஷன்’ என்னும் கணினியாட்டத்தை என் மாணவன் ஒருவனிடம் பயின்று வருகின்றேன். ஐம்பதைக் கடந்த ஆசிரியன் மாணாக்கனிடம் பாடங் கேட்பதில் இழுக்கொன்றும் இல்லை.

ஆட்டம் கி.மு. 4000இல் தொடங்குகின்றது. திரையெங்கும் இருள், நடுவே சிறிது நிலமும், ஊர் அமைக்கவல்ல குடியேறிகளும். தொடக்கத்தில் முறை ஒன்றுக்கு 20 ஆண்டு கழியும். ஆற்றங்கரையில் ஊர் அமைத்தல் நன்று. ஆற்று நிலம் உணவோடு வாணிகமும் தரும். அவ்வாணிகத்தின் ஒரு பங்கே அறிவை வளர்க்கும். களஞ்சியம் நிறைந்தாற் குடி பெருகும். வேறோர் ஊர் அமைக்கக் குடியேறிகளை உருவாக்கினாலோ இவ்வூர்க் குடி குறையும். புதிதாய்ப் பயில்வோன் இக்கணக்கிலேயே நெடுநேரம் தங்கிவிடுகின்றான். போரைப்பற்றி நான் இன்னும் அதிகம் கற்கவில்லை. கற்கும் அவாவும் இல்லை.

என்னைச் சிந்திக்க வைத்தது அறிவு வளரும் வரிசையே. நெடுங்கணக்கு அறிந்த பின்னரே எழுதுதல். எழுதுதல் கைவந்த பின்னரே நூலகம். ஒழுங்கு அழகியதுதான். ஆயின், எழுதப்படுமுன் வாயாற் பாடிச் செவியாற் காத்த பாட்டுக்கு இவ்வரிசையில் இடம் யாது? திருக்குறளிற் கேள்விக்குத் தனி அதிகாரமே உண்டு. ஏட்டைத் தொடாத தாயின் தாலாட்டும் ஒரு நாகரிகத்தின் உடைமையன்றோ? இவ்வாட்டம் அதனைக் கணக்கிற் கொள்வதில்லை.

“ஐயா, உங்கள் முறை” என்று நினைவூட்டினான் மாணவன். நெடுங்கணக்கையே தேர்ந்தேன்; நூலகம் வேண்டுமே!