டிராக்டர் செல்ஃப் எடுக்கவில்லையா? மோட்டாரை மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை

பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டை வட்டாரத்தில் வீட்டு மனைகள் பெருகி வயல்கள் குறைந்துவிட்டன. எஞ்சியுள்ள நிலங்களிலும், செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் சம்பா, நவரைப் பட்டங்களில் உழவுக்கு டிராக்டரே துணை. சேற்று உழவு நாளன்று அது கிளம்பாவிட்டால், கட்டிய தண்ணீர் வற்றும்; நாற்றுக்கு வயது ஏறும்.

அவசரத்தில் பலர், செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதிது வாங்கிவிடுகின்றனர். மாற்றிய பின்பும் வண்டி கிளம்பாது. கோளாறு பல சமயம் பாட்டரியிலோ அதன் இணைப்புகளிலோ இருப்பதே காரணம்.

வேலை செய்யும் விதம்

சாவியைத் திருப்பியதும் சோலினாய்டு இயங்கி, மோட்டாரின் சிறு பல்சக்கரத்தை எஞ்சினின் பிளைவீல் பற்களில் கோக்கிறது. உடனே பாட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் மோட்டாருக்குப் பாய்கிறது. இந்த வழியில் ஓர் இணைப்பு தளர்ந்தாலும், பூஞ்சணம் போல் உப்புப் பூத்தாலும் மோட்டார் சுழலாது.

கோளாறை அறியும் முறை

கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கைப் போட்டு, முன்விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும்.

* விளக்கு வெகுவாக மங்கினாலோ, ‘கடகட’ என்ற ஓசை கேட்டாலோ பாட்டரியையும் இணைப்புகளையும் முதலில் பார்க்க வேண்டும்.

* விளக்கு மங்காமலும் ஓசை இல்லாமலும் இருந்தால் சாவி சுவிட்ச், கிளட்ச் அல்லது நியூட்ரல் பாதுகாப்பு சுவிட்ச், சோலினாய்டுக்குச் செல்லும் ஒயர் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

* ‘டக்’ என்று ஒரே ஓசை வந்து, விளக்கும் மங்காமல் மோட்டார் நின்றால் சோலினாய்டின் உள்முனையோ கார்பன் பிரஷ்களோ தேய்ந்திருக்கலாம்.

* மோட்டார் மட்டும் சுழன்று எஞ்சின் அசையாவிட்டால் பல்சக்கரத்தில் கோளாறு.

பாட்டரித் திராவகத்தின் அடர்த்தி ஹைட்ரோமீட்டரில் 1.250க்கு மேல் இருப்பது நல்லது. 1.200க்குக் கீழ் இறங்கினால் சார்ஜ் ஏற்ற வேண்டும். முனைகளில் படிந்த உப்பைச் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, துடைத்து, முறுக்கி, மேலே வாஸ்லைன் தடவலாம். அந்த நீர் பாட்டரிக்குள் இறங்கக் கூடாது. எர்த் பட்டை உடலுடன் சேரும் இடத்தையும் சுரண்டிச் சுத்தம் செய்வது அவசியம். பாட்டரி அருகே பீடி, தீக்குச்சி கூடாது. அதிலிருந்து வெளிவரும் வாயு வெடிக்கக் கூடியது.

மோட்டாரை மாற்றும்போது

இவை எல்லாம் சரியாக இருந்தும் மோட்டார் ஓடாவிட்டால் கழற்றலாம். முதலில் பாட்டரியின் எர்த் முனையைக் கழற்ற வேண்டும்; மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். ஒயர்களுக்கு அடையாளம் இட்டு, மோட்டாரைத் தாங்கிப் பிடித்தபடி போல்ட்டுகளை எடுக்க வேண்டும். பிரஷ், புஷ் மட்டும் தேய்ந்திருந்தால் அவற்றை மாற்றினாலே போதும்; செலவு குறையும்.

புதியது வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுசெல்வது நல்லது. வோல்ட், பற்களின் எண்ணிக்கை, சுழலும் திசை, போல்ட் துளை ஆகிய நான்கும் ஒத்திருக்க வேண்டும். அம்பத்தூரை அடுத்த பாடியிலுள்ள லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை 1960களிலிருந்து வாகன மின்கருவிகளைத் தயாரித்து வருகிறது. மாட்டுமுன் பிளைவீல் பற்கள் உடைந்துள்ளனவா என்று பார்த்து, மோட்டார் உட்காரும் இடத்தைச் சேறு, எண்ணெய் இன்றித் துடைக்க வேண்டும். எர்த் அந்த வழியாகத்தான் கிடைக்கிறது.

உயிருக்கு உலை

தரையில் நின்றபடி ஸ்குரூ டிரைவரால் சோலினாய்டு முனைகளை இணைத்து வண்டியைக் கிளப்பும் வழக்கம் மிக ஆபத்தானது. இதில் நியூட்ரல் பாதுகாப்பு சுவிட்சுக்கு வேலையில்லாமல் போகிறது. கியர் விழுந்திருந்தால் டிராக்டர் பாயும். பெரிய சக்கரத்தின் முன் நிற்பவர் விலக நேரம் இராது. பல நாடுகளில் உழவர்கள் இவ்வாறு உயிரிழந்துள்ளனர். எவ்வளவு அவசரமானாலும் இருக்கையில் அமர்ந்தே கிளப்ப வேண்டும்.

பராமரிப்பு

ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. அரை நிமிடமாவது விட்டு மறுபடி முயல வேண்டும். சேற்று உழவு முடிந்ததும் மோட்டார் மீதுள்ள சேற்றைத் துடைத்தெடுக்க வேண்டும். பட்டம் தொடங்குவதற்கு 15 நாள் முன்பே பாட்டரியைச் சோதித்து வைத்தால் உழவு நாள் தவறாது.