முகம் தெரியாத வம்பர்கள்

இன்டர்நெட்டில் யாரோ ஒருவர் புனைபெயரில் வருவார். சம்பந்தமே இல்லாமல் வம்பு இழுப்பார். நாம் கொதித்துப் போய்ப் பதில் எழுதுவோம். அதைத்தான் அவர் எதிர்பார்த்திருப்பார். இவர்களை 'ட்ரோல்' என்கிறார்கள். ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துச் சென்று மீன் பிடிப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். பொருத்தம்தானே?

பெயரை மறைத்துக் கொள்வதால்தான் இவர்களுக்கு இவ்வளவு துணிச்சல் என்று பலரும் நினைக்கிறோம். தென் கொரியா இதைச் சட்டமாகவே போட்டுப் பார்த்தது. பெரிய வெப்சைட்டுகளில் கருத்து எழுதுபவர்கள் தங்கள் அடையாளத்தை உறுதி செய்ய வேண்டும் என்று 2007-ல் விதி வந்தது. வசவுகள் எதிர்பார்த்தபடி குறையவில்லை. ஆனால் 2011-ல் அந்நாட்டின் நேட், சைவேர்ல்ட் தளங்களுக்குள் ஹேக்கர்கள் புகுந்து சுமார் 3.5 கோடி பேரின் விவரங்களைச் சுருட்டிக் கொண்டார்கள். 2012 ஆகஸ்டில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது.

'இவர்கள் தனி ரகம்' என்பது நம்முடைய இன்னொரு எண்ணம். இதில் பாதி உண்மை இருக்கிறது. பிறரை நோகடித்து ரசிக்கும் குணம் இவர்களிடம் அதிகம் என்று கனடா உளவியலாளர்கள் 2014-ல் எழுதினார்கள். மீதிப் பாதிதான் நமக்குச் சங்கடமானது. ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட சோதனையில் 667 பேர் கலந்து கொண்டார்கள். சிலருக்கு எளிய கேள்வித்தாள், சிலருக்கு எரிச்சலூட்டும் கடினமான கேள்வித்தாள். பிறகு ஒரு கட்டுரையைப் படித்துக் கருத்து எழுத வேண்டும். எளிய தாள் எழுதி, முந்தைய கருத்துகளும் நாகரிகமாக இருந்தபோது 35 சதவீதக் கருத்துகள் வம்பு ரகம். கடினமான தாள் எழுதி, முன்னால் வம்புக் கருத்துகளும் கிடந்தபோது 68 சதவீதம்! சாதாரண ஆட்கள்தான் இவர்கள்.

எனக்கும் இதில் பங்கு உண்டு. கரண்ட் போய் வந்த ஒரு ராத்திரி, அரை மணி நேர வேலை அழிந்த கோபத்தில், யாரோ ஒருவருக்கு நான் அடித்த பதிலைக் காலையில் படிக்கவே கூசியது. இப்போதெல்லாம் அப்படிப்பட்ட பதில்களை நோட்பேடில் டைப் செய்து வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறேன்.

வம்பு மிரட்டலாக மாறினால் பதில் எழுதாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் பக்கத்தின் முகவரியையும் தேதியையும் குறித்துக் கொண்ட பிறகே பிளாக் செய்யுங்கள். மத்திய அரசின் தேசிய சைபர் கிரைம் தளத்தில் வீட்டிலிருந்தே புகார் கொடுக்கலாம்.