வாக்கெடுப்பில் பிறந்த கடவுளா?

காலை நடைப்பயிற்சியில் உடன்வரும் நண்பர் ஒருவர் நிறையப் படிப்பவர். அண்மையில் அவர், "இயேசுவைக் கடவுள் என்று முடிவு செய்தது ரோமப் பேரரசர் கூட்டிய ஒரு மாநாடுதானே? வாக்கெடுப்பு நடத்தி ஒரு மனிதரைக் கடவுளாக்கிவிட்டார்கள் அல்லவா?" என்று கேட்டார். டான் பிரௌன் எழுதி 2003-இல் வெளிவந்த 'டா வின்சி கோட்' நாவலின் பாத்திரம் ஒன்றும் இவ்வாறே பேசுகிறது. நாவலுக்கு அது பொருந்தலாம், வரலாற்றுக்குப் பொருந்தாது.

நான் பொருளியல் கற்பித்தவன்; இறையியல் என் துறையன்று. ஆயினும், ஒரு விவாதத்தில் எது சர்ச்சைக்குரியதாக இருந்தது, எதை இரு தரப்பினருமே ஏற்றிருந்தனர் என்று பிரித்தறிவது எல்லாத் துறைகளுக்கும் பொதுவான பயிற்சி.

பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய அந்த மாநாடு கி.பி. 325-இல், பித்தினியா பகுதியின் நைசியா நகரில் நடந்தது. இன்று அது துருக்கியில் இஸ்னிக் என்னும் ஊர். அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஏறத்தாழ 112-ஆம் ஆண்டில், அதே பித்தினியாவின் ஆளுநராக இருந்த இளைய பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணிப் பாடுகின்றனர் என்று அதில் குறிப்பிடுகிறார். அவர் கிறிஸ்தவர் அல்லர். கிறிஸ்தவர்களை விசாரித்துத் தண்டித்தவர். எனவே, அவருடைய சாட்சியம் எடை மிக்கது. அதற்கும் முன்னதாக, முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய மடல், இறைநிலையில் இருந்த கிறிஸ்து தம்மை வெறுமையாக்கி மனிதரானதாகப் பேசுகிறது.

அவ்வாறாயின், நைசியாவில் எதைப் பற்றித்தான் பூசல்?

எகிப்தின் அலெக்சாந்திரியாவில் குருவாக இருந்த ஆரியுஸ் என்பவரின் போதனையைப் பற்றி. அவர் இயேசுவை வெறும் மனிதர் என்று சொன்னதாகப் பலர் கருதுகின்றனர். அவர் அப்படிச் சொல்லவில்லை. உலகம் தோன்றுமுன்பே இறைமகன் இருந்தார் என்பதும், அவர் வழியாகவே கடவுள் அனைத்தையும் படைத்தார் என்பதும் ஆரியுஸுக்கும் உடன்பாடே. ஆனால், தொடக்கமற்றவர் தந்தை ஒருவரே. மகன் அவருடைய திருவுளத்தால் உண்டானவர், படைப்புகளில் முதலாவதும் தலைசிறந்ததும் ஆனவர் என்றார் அவர். உலகுக்கு முந்தியவர், ஆனால் அநாதியல்லர். பூசல் முழுவதும் இந்த 'ஆனால்' என்ற சொல்லில் அடங்கியிருந்தது.

அவருடைய வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. கடவுள் ஒருவரே என்பதைக் காக்கவே அவர் முயன்றார். ஞானம் தன்னைக் கடவுளின் முதற்படைப்பாகக் கூறும் நீதிமொழிகள் பகுதியையும், தந்தை தம்மிலும் பெரியவர் என்று இயேசு கூறும் யோவான் நற்செய்திப் பகுதியையும் அவர் தரப்பினர் எடுத்துக்காட்டினர். தந்தை என்றால் மகனுக்கு முந்தியவராகத்தானே இருக்க வேண்டும்? காரணம் முன்னும் விளைவு பின்னுமாக வரும் என்று பழகிப்போன என் போன்ற பொருளியலாருக்கு இக்கேள்வியின் ஈர்ப்பு நன்றாகவே புரிகிறது.

எதிர்த்தரப்பின் விடையோ நுட்பமானது. கதிரவனிலிருந்து ஒளி வருகிறது. ஒளியிலிருந்து கதிரவன் வருவதில்லை. எனினும், ஒளியற்ற கதிரவன் என்று ஒரு பொழுது இருந்ததில்லை. இங்கே காரண வரிசை உண்டு. கால வரிசை இல்லை. மேலும், காலமே மகன் வழியாகப் படைக்கப்பட்டது என்றால், மகனுக்கு 'முன்' என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. இதே அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஓரிஜன், ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மகனின் பிறப்பை என்றுமுள்ள பிறப்பாக விளக்கியிருந்தார்.

மாநாட்டின்போது இளம் திருத்தொண்டராகவும் பின்னர் ஆயராகவும் இருந்த அத்தனாசியுஸுக்கு இது வெறும் தர்க்கமன்று. படைக்கப்பட்ட ஒருவர் மற்றப் படைப்புகளைக் கடவுளோடு இணைக்க இயலாது. அதைக் கடவுளே செய்தாக வேண்டும் என்பது அவர் நிலை. கிறிஸ்து படைப்பு என்றால், அவரிடம் வேண்டும் கிறிஸ்தவர் அனைவரும் படைப்பை வணங்குவோராகிவிடுவர் என்றும் அவர் வாதிட்டார். இவ்விடத்தில் அவர் பக்கமே வலிமை அதிகம் என்பது என் கணிப்பு. சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்று பயின்றவர்களுக்கு இங்குள்ள வேறுபாடு விளங்கும். நைசியாவின் பார்வையில் கடவுளைத் தவிர எதுவும் அநாதியன்று. ஆகவே மகன் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதே கேள்வி.

மகன் பிறந்தவர், படைக்கப்பட்டவர் அல்லர் என்று மாநாடு அறிவித்தது. தந்தையோடு ஒரே பொருளானவர் என்பதைக் குறிக்க 'ஹோமோஊசியோஸ்' என்ற கிரேக்கச் சொல்லைச் சேர்த்தது. விவிலியத்தில் இல்லாத அச்சொல் ஆயர்கள் பலரை உறுத்தியது. எனினும், இறுதிவரை கையொப்பமிட மறுத்து ஆரியுஸோடு நாடுகடத்தப்பட்ட ஆயர்கள் இருவரே. மரபு கூறும் 318 ஆயர்களோ, ஆய்வாளர் சிலர் கருதும் 250 பேரோ, எவ்வாறு கணக்கிட்டாலும் இது நூலிழை வெற்றியன்று. பேரரசர் அவையில் அமர்ந்திருந்ததன் அழுத்தத்தை நான் மறுக்கவில்லை. ஆனால், அதே பேரரசர் பின்னர் ஆரியுஸை மீண்டும் அழைத்துக்கொண்டார். 337-இல் மரணப் படுக்கையில் அவருக்குத் திருமுழுக்கு அளித்தவர் ஆரியுஸுக்குப் பரிவு காட்டிய நிக்கோமேதியா ஆயர் யூசேபியுஸ். பேரரசரின் மகன் இரண்டாம் கான்ஸ்டன்டியஸ் நைசியாவின் எதிரணிக்கே துணைநின்றார். அத்தனாசியுஸ் ஐந்து முறை துரத்தப்பட்டு, ஏறத்தாழ 17 ஆண்டுகளைத் தம் ஆயரகத்துக்கு வெளியே கழித்தார். 381-இல் கான்ஸ்டான்டினோபிள் மாநாடு நைசியாவை உறுதிசெய்தபோது, அரியணையில் அதற்கு இசைந்த தியோடோசியஸ் இருந்தார் என்பதும் உண்மையே.

ஆயர்கள் மட்டும் இதைப் பேசவில்லை. கான்ஸ்டான்டினோபிளில் சில்லறை மாற்றுபவரும் ரொட்டிக்காரரும் குளியலறைப் பணியாளரும்கூட, கேட்டதற்கு விடை சொல்லாமல் தந்தை-மகன் உறவைப் பற்றி வாதிடுகிறார்கள் என்று நீசா நகர ஆயர் கிரகோரியார் சலித்துக்கொள்கிறார். ஆரியுஸும் தம் கருத்தைப் பாடல்களாக இயற்றிப் பரப்பியவர்.

இதையெல்லாம் கேட்ட நண்பர், "அந்தப் பாடல்கள் கிடைக்குமா?" என்றார். முழுமையாக இல்லை. சில துணுக்குகளே எஞ்சியுள்ளன. அவற்றிலும் பெரும்பகுதியை, மறுப்பதற்காக எடுத்தெழுதி நமக்குக் காத்துத் தந்தவர் அத்தனாசியுஸ்.