கொடுங்கனவுப் புனைவுகளும் வாசகர் எதிர்வினையும்: களுதாவளையிலிருந்து ஒரு நோக்கு

இலக்கியப் படைப்பொன்றின் பொருள் அப்படைப்பினுள் மாத்திரம் முற்றுப்பெற்றுக் கிடப்பதன்று. அதனை வாசிப்போர் எவ்வர்க்கத்தைச் சார்ந்தோர், எத்தகைய வரலாற்று அனுபவத்தினூடாக வந்தோர் என்பவற்றைப் பொறுத்தே அது நிறைவு பெறுகின்றது. கோட்பாட்டளவில் நாம் யாவரும் ஒப்புக்கொள்ளும் இவ்வுண்மையை, இன்று இளைஞரிடையே பெருவழக்குப் பெற்றுள்ள ஒருவகைப் புனைகதைக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எதிர்காலச் சமுதாயமொன்றைக் கொடுங்கோன்மையின் முழு வடிவமாகக் கற்பனைசெய்து காட்டும் கதைகளை மேனாட்டு விமர்சகர் ‘டிஸ்டோபியா’ என்பர். நாம் அவற்றைக் கொடுங்கனவுப் புனைவுகள் என வழங்குவோம். ஜோர்ஜ் ஓர்வெல் 1949இல் வெளியிட்ட நாவல் வளர்ந்தோரை நோக்கியது. லோயிஸ் லோரியின் ‘த கிவர்’ (1993), சுசான் கொலின்ஸின் ‘த ஹங்கர் கேம்ஸ்’ (2008) ஆகியனவோ பதின்பருவத்தினரையே முதன்மை வாசகராகக் கொண்டவை. தமிழிலும் இவ்வகை முற்றிலும் புதியதன்று. பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டப்படும் ஓர் ஆட்சியைச் சித்திரித்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’, 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து இளைஞர் பலரை ஈர்த்தது.

இவற்றுள் ‘த ஹங்கர் கேம்ஸ்’ பெற்ற எதிர்வினை தனித்துக் கவனிக்கத்தக்கது. பன்னிரண்டு மாவட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாகப் பன்னிரண்டு முதற் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சீட்டுக் குலுக்கித் தெரியப்படுகின்றனர். ஒருவரையொருவர் கொல்லுமாறு களத்தில் விடப்படுகின்றனர். நாடு முழுவதும் அதனைத் தொலைக்காட்சியிற் பார்க்கின்றது. ஐக்கிய அமெரிக்காவில் நூலகங்களிலிருந்து நீக்குமாறு மிகுதியாகக் கோரப்பட்ட நூல்களின் பட்டியலில் 2010, 2011ஆம் ஆண்டுகளில் இந்நாவல் இடம்பெற்றது. வன்முறை, வயதுக்கு ஒவ்வாமை என்பன கூறப்பட்ட காரணங்களுட் சில. மறுபுறத்தே, இது நடக்கக்கூடியதே என்ற அச்சமே பலரை இதன்பால் ஈர்த்தது. எதிர்ப்போரும் விரும்புவோரும் ஓர் எடுகோளிலே ஒன்றுபடுகின்றனர். கதையில் வருவது இன்னும் நடவாதது என்பதே அவ்வெடுகோள்.

அவ்வெடுகோள் எவ்விடத்தும் செல்லுபடியாவதன்று. மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கிழக்கிற் கடலும் மேற்கில் வாவியுமாக அமைந்த எழுவான்கரைக் கிராமங்களுள் ஒன்று களுதாவளை. வாவிக்கு அப்பாற் படுவான்கரை. 1979இற் பயங்கரவாதத் தடைச்சட்டம் வந்ததன் பின்னர், சுற்றிவளைப்பும் அடையாள அட்டையும் ‘தலையாட்டி’யும் இப்பிரதேசத்தின் அன்றாடச் சொற்களாயின. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாய்த் தங்கியிருந்தோரிலிருந்து 158 பேர் படையினராற் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் மீளவில்லை. 2001இன் பிற்பகுதியிலிருந்து தமிழீழ விடுதலைப் புலிகள் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கேட்டு வந்தனர். 2004இல் அவ்வியக்கத்தின் கிழக்குப் பிரிவு பிளவுற்றுக் கலைந்தபோது வீடு திரும்பிய சிறுவருட் சிலர் மீளவும் கொண்டுசெல்லப்பட்டனர். ஒடுக்கிய அரசும், விடுதலையின் பெயரால் எழுந்த இயக்கமும் பிள்ளைகளின் பெயர்களைப் பட்டியலிட்டன என்பதை மறைத்துவிட்டு முற்போக்கு விமர்சனம் நேர்மையாக நிற்றல் இயலாது.

இப்பின்னணியில், களுதாவளை வீடொன்றில் நாம் கேட்ட ஓர் உரையாடலை இங்கு குறிப்பிடுதல் பொருந்தும். போர் முடிந்த 2009இன்போது குழந்தையாயிருந்த மாணவரொருவர் கொலின்ஸின் கதையைத் தமிழில் எமக்கு எடுத்துக்கூறினார். இப்படியும் ஓர் அரசு வரக்கூடும் என்பதே அவரது வியப்பு. அருகே வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்த அவர் தாயாருக்கு அதில் வியப்பேதும் இருக்கவில்லை. “சீட்டெண்டா ஆருக்கும் விழலாம். இஞ்ச பேரெழுதிக்கொண்டு வந்தாக்கள், மகன். அந்தப் பேர எழுதிக் குடுத்த ஆரெண்டு கதையில இருக்கா?” என்று அவர் கேட்டார். மகன் விடையிறுக்கவில்லை.

ஒரே கதை ஒரே கூரையின்கீழ் மகனுக்கு எதிர்காலமாகவும் தாய்க்கு இறந்தகாலமாகவும் அமைந்தது. நம்பத்தகுமை என்பது நூலின் பண்பு மாத்திரமன்று. நூலுக்கும் வாசகரின் வாழ்நிலைக்கும் இடையிலான உறவு என்பது இதனாற் பெறப்படும். தாயாரின் கேள்வி இதனினும் ஆழமானது. சீட்டுக் குலுக்கல் கொடுமையைத் தற்செயலாகக் காட்டுகின்றது. பட்டியலோ அதனைச் சமூக உறவாகக் காட்டுகின்றது. நாவலாசிரியர் இவ்வுண்மையை அறவே அறியாதவரல்லர். அவரது கதையில், பசித்த குடும்பத்துப் பிள்ளை தானியத்துக்கும் எண்ணெய்க்கும் ஈடாகத் தன் பெயரை மேலும் பலமுறை சீட்டிற் சேர்க்க நேர்கின்றது. ஏழையின் பெயரே குடத்தில் மிகுதி. இங்கும் வசதியுள்ளோர் பிள்ளைகளைக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பினர். இயலாதோரின் பிள்ளைகளே எஞ்சினர். ஆயினும் கொடுமை அனைத்தையும் தலைநகரத்துச் சர்வாதிகாரி ஒருவனிடத்தே குவித்துக் காட்டும் போக்கு இவ்வகைப் புனைவுகளிற் பொதுவாகக் காணப்படுவது. பெயர் கொடுத்த அயலவர், அஞ்சி இணங்கியோர், அதனாற் பயன்பெற்றோர் ஆகியோர் கதையின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றனர்.

இக்குறைபாட்டினால் இந்நூல்கள் பயனற்றவை எனக் கொள்வது தவறாகும். 2014 மே மாதம் தாய்லாந்தில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது, இந்நாவலின் திரைவடிவில் வரும் மூவிரல் வணக்கத்தை இளைஞர் எதிர்ப்பின் அடையாளமாக்கினர். அதற்காகவே கைதும் செய்யப்பட்டனர். 2021இல் மியன்மாரிலும் அவ்வடையாளம் எழுந்தது. வணிக நிறுவனங்கள் பண்டமாக விற்றதொன்றை மக்கள் தம் போராட்டத்தின் மொழியாக மாற்றிக்கொண்டனர். கற்பனைக் கதைகளை யதார்த்தத்திலிருந்து தப்பியோடும் வெகுசன எழுத்தென ஒதுக்கிவந்த எமது விமர்சன மரபு, இவ்விடத்துத் தன்னை மறுபரிசீலனை செய்துகொள்ளக் கடமைப்பட்டுள்ளது.

இத்தகைய கதைகள் பிள்ளைகளின் மனத்தைக் கலக்கும் என்பாரும் உளர். கலக்கும் என்பது மெய்யே. ஆயின், தம் வீட்டிலே நடந்ததை அறியாது வளரும் தலைமுறை, அதனைத் தொலைதூர எதிர்காலமொன்றின் கற்பனையாக மாத்திரம் அறிந்துகொள்வதே அதனினும் கவலைக்குரியது. அவ்வுரையாடலின் முடிவில் மாணவர் நூலைப் பற்றி மேலும் பேசவில்லை, தாயாரிடம், “அப்ப எங்கட வீட்டையும் வந்தவையா?” என்றே கேட்டார். புனைவொன்று அக்கேள்வியை எழுப்புமாயின் அதன் பணி சிறிதன்று. அதற்கான விடையைத் தமிழில், ஊர்ப்பெயரும் உறவும் மறையாமல் எழுதுவது எமது படைப்பாளிகளின் முன்னுள்ள பணியாகும். அவ்வாறு எழுதப்படுவதை எத்தரப்பின் பட்டியலுக்கும் அஞ்சாது வாசித்தல் விமர்சகரின் பணியாகும்.