ஏழு படி ஏறிப்போன மண்டபம்

சென்ற தை மாதத்தில் ஆவடிக்கு அருகே ஒரு கல்யாண மண்டபத்தில் நடைபெற்ற விவாகத்துக்குப் போயிருந்தேன். முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் காரிலிருந்து இறங்கிய மணமகளின் பாட்டியார், வாசலில் எழும்பி நின்ற ஏழு படிகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நான் இங்கயே உக்காந்துக்கறேன்பா, தாலி கட்டினதும் புள்ளைங்கள இங்க கூட்டியாங்க" என்றார். பேரன்மார் இருவர் கேட்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை அமர்த்திப் பல்லக்குப்போலத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், கிழவியும் சிரித்தார். ஆனால் மேலே கொண்டுபோய் இறக்கும்வரை நாற்காலியின் கைப்பிடியை அவர் விடவில்லை.

இத்தனை படிகள் எதற்கு என்று மண்டப மேனேஜரைக் கேட்டேன். "இருபத்து மூணுல தண்ணி உள்ள வந்துடுச்சு சார், சாப்பாட்டு ஹால் பூரா சேறு. அதான் ஏத்திக் கட்டிட்டோம்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையும் கொரட்டூரும் ஆவடியும் தண்ணீரில் நின்றதை இப்பக்கத்து ஜனங்கள் மறக்கமாட்டார்கள். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு வழிய வேண்டும் என்று முன்னோர் அமைத்த ஏற்பாட்டின் குறுக்கே நாம் வீடும் வீதியும் அமைத்துவிட்டோம். போதாக்குறைக்குப் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய தாரைப் போட்டுப்போட்டுச் சாலையும் உயர்ந்துகொண்டே போகிறது. தரையை உயர்த்தாத முதலாளிக்கு வெள்ளம் வரும். உயர்த்தியவருக்கோ, வெள்ளத்தோடு சேர்ந்து முடவரும் முதியோரும் வாசலிலேயே நின்றுபோகிறார்கள்.

இந்தச் சங்கடத்துக்குச் சாய்தளம் ஒன்றுதான் பரிகாரம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது அதற்குரிய கணக்கு. படிக்கு ஆறு அங்குலம் என்று கொண்டால் ஏழு படிக்கு மூன்றரை அடி உயரம். அதற்கு நாற்பத்திரண்டு அடி நீளம் வேண்டும். மனை விற்கிற விலையில் இதைக் கேட்ட மாத்திரத்தில் முதலாளிமார் கையை விரித்துவிடுவார்கள். நேராக நீட்ட இடமில்லையென்றால் பாதியில் ஒரு சமதளம் விட்டு, மடக்கித் திருப்பிக் கட்டலாம் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை போலும். நான் பார்த்த மண்டபத்தின் பக்கவாட்டிலும் ஒரு சாய்தளம் இருக்கத்தான் இருந்தது. ஆனால் அது சமையல்காரர்கள் அண்டாவையும் காஸ் சிலிண்டரையும் உருட்டி ஏற்றுவதற்காக, ஓட்டுக்கூரையின் சரிவில் கட்டப்பட்டது. அதில் சக்கர நாற்காலியை விட்டால் பாட்டியார் தெருவுக்கே வந்து சேர்ந்திருப்பார்.

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறிற்று. அதன் விதிகள் 2017 ஜூன் மாதம் வெளியாயின. பொதுமக்கள் வந்துபோகும் கட்டடம் தனியாருடையதாயினும் அச்சட்டத்துக்கு உட்பட்டதே. பழைய கட்டடங்களைத் திருத்திக்கொள்ள அளித்த ஐந்தாண்டு அவகாசமும் கழிந்துவிட்டது. வெள்ளம், புயல் முதலிய ஆபத்துக் காலங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சமமான பாதுகாப்பு வேண்டுமென்று அதன் எட்டாம் பிரிவு தனியாகவே கூறுகிறது. 2024 நவம்பர் 8 அன்று, ராஜீவ் ரத்தூரி வழக்கில், இந்த வசதிகளை வெறும் வழிகாட்டுதல்களாக விட்டுவைத்தல் ஆகாது, கட்டாய விதிகளாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பூந்தமல்லியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளியும், பார்வைக் குறையுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அவ்வூரில் இருக்கின்றன. அங்கு வந்துபோகிற பார்வையற்றவர் ஒருவர் ஓர் இரவு லாட்ஜில் தங்க நேர்ந்தால், அவருக்குச் சாய்தளம் வேண்டியதில்லை. அறை எண்ணைக் கையால் தடவி அறியுமாறு கதவில் புடைப்பாகப் பொறித்திருந்தால் போதும். வரவேற்பில் இருக்கும் பையன் அவர் கையைப் பிடித்து இழுக்காமல், தன் முழங்கையைப் பற்றிக்கொள்ளச் சொல்லி, அறையிலிருந்து மாடிப்படிக்கு எத்தனை கதவு என்று ஒருமுறை நடத்திக் காட்டினால் போதும். காது கேளாதவருக்கோ மணியோசையோடு மின்னி எரியும் விளக்கும் வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்குத் தரைத்தள அறையை ஒதுக்குவதற்குச் செலவே இல்லை. தீப்பிடித்தால் லிப்டில் ஏறலாகாது. மூன்றாவது மாடியில் தங்கவைத்தவரை யார் எப்படி இறக்குவது என்று முன்கூட்டியே யோசித்த விடுதிகள் எத்தனை இருக்கும்?

தீ என்றதும் ஸ்ரீரங்கம் நினைவுக்கு வராமல் போகாது. 2004 ஜனவரி 23 அன்று அங்கே ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் பற்றிக்கொண்டதில், மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பந்தலுக்குத் தீப்பிடிக்கச் சில நிமிஷம் போதும். கூட்டம் வெளியேற அகலமான வழிகள் பல வேண்டும், அவை திறந்தும் இருக்க வேண்டும்.

ஆவடி மண்டபத்தில் இரண்டாவது வழி இருந்தது. பந்தி நடக்கும் கூடத்தின் கோடியில், "அவசர வழி" என்று பச்சை எழுத்தில் எழுதிய கதவு. அதன்முன் ஆளுயரத்துக்கு அடுக்கிய நாற்காலிகள். அவற்றுக்குப் பின்னே ஒரு பூட்டு. அலுவலக அறைச் சுவரிலோ, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று முதல் உணவு உரிமம் வரை யாவும் சட்டமிட்டுச் சந்தனப்பொட்டுடன் தொங்கின. கதவை ஏன் பூட்டினீர்கள் என்று கேட்டதற்கு, "தொறந்து வெச்சா கூப்பிடாதவங்க எல்லாம் பந்தியில உக்காந்துடறாங்க சார்" என்று மேனேஜர் சொன்ன பதிலை என்னால் முழுவதும் மறுக்க முடியவில்லை. உள்ளிருந்து தள்ளினால் திறந்து, வெளியிலிருந்து திறவாத தாழ்ப்பாள் கடைகளில் கிடைக்கிறது என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

மாலையில் பாட்டியார் புறப்படும்போது, பின்வாசலில் படி குறைவு, அந்த வழியாக அழைத்துப் போகலாமே என்று பேரன்மார் நினைத்தார்கள். நாற்காலிகளை விலக்கவே கால்மணி நேரம் ஆயிற்று. பிறகு வாட்ச்மேன் சாவியைத் தேடினார். சாவி மேனேஜரிடம் இருந்தது. மேனேஜர் அடுத்த கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கப் பூந்தமல்லிக்குப் போயிருந்தார். பாட்டியார் மறுபடியும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தார்.