'ஆல்'... 'ஆல்தான்'... கிளாட் தேர்வில் மதிப்பெண்ணைப் பறிக்கும் சின்ன வித்தியாசம்!

மரச்சிற்பத்துக்குப் பெயர்போன சேலம் மாவட்டத்து தம்மம்பட்டியில் பஸ் ஏறி, துறையூர் வழியாகப் போனால் திருச்சி. அங்கே இருக்கிறது தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம். பஸ்ஸில் பக்கம்தான். ஆனால், கிராமத்துப் பிள்ளைகளுக்கு அந்த வாசல் இன்னமும் தூரமாகவே தெரிகிறது. காரணம், 'கிளாட்' என்ற நுழைவுத்தேர்வு.

சேலத்திலும் நாமக்கல்லிலும் இருக்கும் அரசு சட்டக் கல்லூரிகளில் ப்ளஸ் டூ மதிப்பெண் போதும். பெரும்பாலான தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு கிளாட் எழுதியாக வேண்டும். இரண்டு மணி நேரம், 120 கேள்விகள், எல்லாமே ஆங்கிலத்தில். சரியான விடைக்கு 1 மதிப்பெண், தப்பானால் 0.25 போய்விடும். இதில் 22 முதல் 26 கேள்விகள் வரை லாஜிக்கல் ரீசனிங். சூத்திரம் மனப்பாடம் செய்து இதைத் தாண்ட முடியாது. ஒரு பத்தியைக் கொடுத்து, 'இந்த வாதம் எதை நம்பி நிற்கிறது?' என்று கேட்பார்கள். அமெரிக்காவின் எல்சாட் தேர்விலும் இந்த வகைக் கேள்விக்கு நிரந்தர இடம் உண்டு.

சொல்லாமல் விட்ட வரி

'அண்ணன் சேலம் போயிருக்கான். ராத்திரி வீட்டுக்கு மாம்பழம் வந்துடும்.' இந்தப் பேச்சில் சொல்லாத ஒரு வரி இருக்கிறது. 'அண்ணன் மாம்பழம் வாங்குவான்' என்பதுதான் அது. இந்த வரி பொய்யானால் வாதமும் காலி. இதைத்தான் 'நெசசரி அசம்ப்ஷன்' என்கிறார்கள். தமிழில் சொன்னால், அவசியமான அனுமானம்.

இது நமக்குப் புதிதல்ல. மணிமேகலைக் காப்பியத்தின் 29-வது காதையில் அறவண அடிகள் தர்க்கப் பாடமே நடத்துகிறார். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது என்பது வாதம். அதற்கு அவர் காட்டும் உதாரணம் நம் வீட்டு அடுக்களை. புகைக்கும் நெருப்புக்கும் உள்ள உறவை ஒத்துக்கொண்டால்தான் மலை பற்றிய முடிவு நிற்கும்.

'தான்' செய்யும் வேலை

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது 'இஃப்', 'ஒன்லி இஃப்', 'அன்லெஸ்' என்ற மூன்று சொற்களில். தமிழில் யோசித்தால் குழப்பம் தீரும்.

'மழை பெய்தால் வாசல் நனையும்.' இங்கே மழை மட்டுமே போதும். அதேசமயம், தண்ணீர் தெளித்தாலும் வாசல் நனையும். இது 'இஃப்'.

'மழை பெய்தால்தான் ஆற்றில் தண்ணீர் வரும்.' இங்கே மழை கட்டாயம். ஆனால், அது மட்டும் போதாது. பெய்த மழை மேலே இருக்கிற ஏரியிலேயே தங்கிவிடலாம். இது 'ஒன்லி இஃப்'. 'மழை பெய்தாலொழிய தண்ணீர் வராது' என்றாலும் இதே பொருள்தான். அது 'அன்லெஸ்'.

'தான்' சேர்ந்ததும் வாக்கியத்தின் திசையே மாறிவிடுகிறது. 'தண்ணீர் வந்திருக்கு, அப்படின்னா மழை பெய்திருக்கு' என்பது சரி. 'மழை பெய்திருக்கு, அப்படின்னா தண்ணீர் வந்திருக்கும்' என்பது தப்பு. தேர்வில் வைக்கும் பொறிகளில் பாதி இந்த இடத்தில்தான்.

ஒரு மாதிரிக் கேள்வி

தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதை வைத்தே ஒரு வாதம் பார்க்கலாம்.

'அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருந்தால்தான் புவிசார் குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமை உண்டு. இந்தக் கடைக்காரர் விண்ணப்பமே போடவில்லை. ஆகவே, அவருக்கு அந்த உரிமை கிடையாது.'

இந்த வாதத்துக்கு அவசியமான அனுமானம் எது?

அ) விண்ணப்பித்த எல்லோருக்கும் பதிவு கிடைக்கும்.

ஆ) அவர் விற்கும் சிற்பங்கள் தரமானவை அல்ல.

இ) எந்த ஊரிலும், எந்தப் பொருளுக்கும், விண்ணப்பிக்காத யாருக்கும் பதிவு கிடைக்காது.

ஈ) விண்ணப்பிக்காமல் இந்தக் கடைக்காரர் பதிவு பெற்றிருக்க முடியாது.

முதல் வரி பேசுவது 'பதிவு' பற்றி. இரண்டாவது வரி பேசுவது 'விண்ணப்பம்' பற்றி. இரண்டுக்கும் நடுவில் பாலம் இல்லை. தேட வேண்டியது அந்தப் பாலத்தைத்தான்.

கவிழ்த்துப் பாருங்கள்

ஒவ்வொரு விடையையும் எதிர்மறையாக மாற்றுங்கள். எதை மாற்றினால் வாதம் சரிகிறதோ, அதுதான் விடை.

'விண்ணப்பித்த சிலருக்குப் பதிவு கிடைக்கவில்லை' என்று (அ)வை மாற்றினால், விண்ணப்பிக்காத கடைக்காரருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. (ஆ)வில் வரும் தரத்துக்கும் இந்த வாதத்துக்கும் சம்பந்தமே இல்லை. (ஈ)யை மாற்றினால், 'விண்ணப்பிக்காமலேயே அவர் பதிவு பெற்றிருக்கலாம்' என்றாகிறது. உடனே வாதம் விழுந்துவிடுகிறது. ஆகவே, விடை (ஈ).

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளையும் ஏமாற்றுவது (இ). அது உண்மையானால் வாதம் வலுவாக நிற்கும். ஆனால், வாதத்துக்கு அவ்வளவு தேவையில்லை. வேறு ஏதோ ஊரில், வேறு ஏதோ பொருளுக்கு ஒருவர் விண்ணப்பிக்காமல் பதிவு பெற்றிருந்தாலும், இந்தக் கடைக்காரர் பற்றிய முடிவு மாறாது. கேட்டது, எது இல்லாவிட்டால் வாதம் விழும் என்பதை மட்டுமே. 'எல்லோரும்', 'எப்போதும்', 'எந்த' போன்ற சொற்கள் விடையில் வந்தால் ஒருமுறை நின்று யோசிப்பது நல்லது.

வீட்டிலேயே பயிற்சி

இதற்குக் கோச்சிங் சென்டரை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை. தினமும் ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கத்தை எடுத்து, அதன் முடிவு எது, காரணம் எது என்று கோடிடச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவில் விடுபட்ட வரியை முதலில் தமிழில் எழுதட்டும்; பிறகு ஆங்கிலத்தில். டி.வி. விளம்பரமும் வாட்ஸ்அப் ஃபார்வேர்டும்கூட நல்ல பாடப் புத்தகங்களே! தப்பான விடைகளுக்குத் தனி நோட்டு போட்டு, 'திசையை மாற்றிப் படித்தேனா, தேவைக்கு மேல் எடுத்தேனா?' என்று காரணத்தையும் குறித்து வைப்பது அவசியம். ஒரே தப்பு திரும்பத் திரும்ப வருவது அதில் தெரிந்துவிடும்.

நாளைக்குக் கறுப்பு கோட் போட்டு நீதிமன்றத்தில் நிற்கும்போதும் இதே வேலைதான். எதிர்த்தரப்பு சொன்னதைக் கேட்பது பாதி. சொல்லாமல் நம்பிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்து, 'அதற்கு ஆதாரம் எங்கே?' என்று கேட்பது மீதி.